கப்பல் மூழ்கியது, கடிதம் கரை சேர்ந்தது!

தர்மபுரி ஜில்லாவில் கடல் கிடையாது. காவிரி உண்டு. ஒகேனக்கல்லில் பரிசல் உண்டு. கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறவேண்டும்.

ஆனால் தூர தேசத்திலிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று இந்த ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பட்டாளத்துக்குப் போன பிள்ளை. பிழைப்புத் தேடி வெளியூர் போன கணவன். வீட்டு உத்தரத்தில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கடிதமெல்லாம் அதில் குத்தியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, தெருவில் போகிற பள்ளிக்கூடப் பையனைக் கூப்பிட்டு, பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்து, "இன்னொரு தடவை படிடா கண்ணு" என்பாள். கைபேசி வந்தபிறகு அந்தக் கம்பிகள் மறைந்துவிட்டன.

இன்று சொல்லப்போவது ஒரு கப்பல் காப்டனின் கதை. அவர் போன கப்பல்கள் இரண்டும் மூழ்கிவிட்டன. கூடப் போனவர்கள் சுமார் 220 பேர். ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் மூழ்கவில்லை. அவர் பெயர் லா பெரூஸ். பிரெஞ்சு தேசத்தவர்.

கதையைத் தொடங்குமுன், அந்தக் காலத்துத் தபால் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தர்மபுரியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

தர்மபுரியில் உட்கார்ந்து எழுதியவர்

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகளுக்கு அப்போது பாராமகால் என்று பெயர். ஹைதர் அலியும், பின்பு திப்பு சுல்தானும் ஆண்ட சீமை. 1792ல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. நில அளவைக்கும் தீர்வைக்கும் காப்டன் ரீட் என்பவரை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்தான் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னைக் கவர்னரானாரே, அதே மன்றோ.

1792 முதல் 1799 வரை அவர் இங்கே வேலை பார்த்தார். தர்மபுரியில் வீடு, வீட்டோடு ஒரு தோட்டம். தகப்பனார் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து வியாபாரி. அமெரிக்கா தேசத்து யுத்தத்தில் வியாபாரம் படுத்துக் கடனாளியானவர். மகன் இங்கிருந்து பணம் அனுப்பினார். தகப்பனாருக்கும் தங்கைக்கும் நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். மணியார்டர் அனுப்பும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு. மன்றோவின் கடிதம் ஓட்டக்காரன் தோளில் சென்னைக்குப் போகும். அங்கே கப்பல் வரும்வரை கிடக்கும். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகும். சூயஸ் கால்வாய் 1869ல்தான் திறந்தது. கடிதம் போய்ச் சேர ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேலே. பதிலுக்கு இன்னொரு ஆறு மாதம்.

இதனால் உயிரே போகும் என்பதற்குக் கடலூர் சாட்சி. 1783 ஜனவரி 20ம் தேதி பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஐரோப்பாவில் சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செய்தி கடலூருக்கு வந்தது ஜூன் மாதக் கடைசியில்! நடுவில் ஜூன் 13ல் கடலூர்க் கோட்டைக்கு வெளியே பெரிய சண்டை. ஜூன் 20ல் கடலிலும் சண்டை. இரு தரப்பிலும் ஆட்கள் மாண்டார்கள். முடிந்துபோன யுத்தத்துக்காக மாண்டார்கள்! அந்தக் கடலூர் முற்றுகையில் ஆங்கிலேயப் படையில் நின்ற இளைஞர்களில் ஒருவர் மன்றோ.

கடலூர்ச் சண்டை ஓய்ந்து சில நாளே ஆகியிருந்தது. 1783 ஜூலை 8ம் தேதி பாரிசில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைதான் நம் காப்டன் லா பெரூஸ்.

பெற்றோர் ஒப்பாத காதல்

லா பெரூஸ் 1741 ஆகஸ்டு 23ல் தெற்குப் பிரான்சில் ஆல்பி நகருக்கு அருகே பிறந்தார். பெரிய குடும்பம். 15 வயதில் கடற்படையில் சேர்ந்தார். 18 வயதில் ஆங்கிலேயரோடு நடந்த கடல் யுத்தத்தில் காயம்பட்டுச் சிறைப்பட்டார், பிறகு விடுதலையானார்.

1772ல் அவரை மொரீஷியஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அப்போது அது பிரெஞ்சுக்காரர் தீவு. தமிழர்களுக்கும் அந்தத் தீவு புதிதல்ல. 1730களில் கவர்னர் லபூர்தொனே புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டிப் போய்த்தான் போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டினார். அந்தத் தீவிலிருந்து லா பெரூஸ் இந்தியக் கரைக்கும் கப்பல் ஓட்டினார். மலையாளக் கரையில் மாஹே என்ற பிரெஞ்சு ஊரைக் காக்கச் சண்டையிட்டுப் பெயர் வாங்கினார்.

அந்தத் தீவில்தான் எலியோனோர் புரூதூ என்ற பெண்ணைக் கண்டார். தகப்பனார் சாதாரண உத்தியோகஸ்தர். அந்தஸ்து கிடையாது, சொத்தும் கிடையாது. லா பெரூஸ் ஊருக்குக் கடிதம் எழுதினார்: இவளைத்தான் கட்டிக்கொள்ள விரும்புகிறேன்.

ஆல்பியிலிருந்து பதில் வந்தது. மகனுடைய முடிவு தம்மை நடுங்க வைக்கிறது என்று தகப்பனார் எழுதியிருந்தார். குலம் என்ன, கௌரவம் என்ன, இதை உன் தாய் எப்படித் தாங்குவாள் என்று ஒரே கண்டிப்பு. சமுத்திரம் தாண்டி வந்த கடிதம்தான். ஆனால் நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கிறது. பெற்றோர் எங்கும் பெற்றோர்தான்!

மகன் மீறவில்லை. 1777ல் கல்யாணமில்லாமலே தாய்நாடு திரும்பினார். அப்புறம் யுத்தம் வந்தது. அந்த யுத்தத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

பகைவனின் நோட்டுப் புத்தகம்

1782 ஆகஸ்டு. பனி மிதக்கும் வட கனடாக் கடல். ஹட்சன் குடாவில் ஆங்கிலேயக் கம்பெனியின் கோட்டைகளை அழிக்க உத்தரவு. லா பெரூஸ் மூன்று கப்பல்களோடு போனார். ஒரு கோட்டை குண்டு சுடாமலே சரணடைந்தது. அதன் தலைவர் சாமுவேல் ஹெர்ன், அந்தப் பனி தேசத்தில் கால்நடையாகவே பல நூறு மைல் சுற்றி வந்தவர். பார்த்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டது.

யுத்த வழக்கப்படி அது வென்றவருக்குச் சொந்தம். லா பெரூஸ் அதைப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்! ஒரே ஒரு நிபந்தனை: இதை அச்சிட்டு வெளியிட வேண்டும்.

கோட்டையைக் கொளுத்தினார், அது அவருக்கு இட்ட வேலை. ஆனால் காட்டுக்குள் ஓடி ஒளிந்த ஆங்கிலேயர் குளிரில் பட்டினி கிடந்து சாகக் கூடாதென்று உணவும் துப்பாக்கியும் மருந்தும் வைத்துவிட்டு வந்தார். ஹெர்னின் புத்தகம் 1795ல் வெளிவந்தது. அப்போது ஹெர்ன் உயிரோடு இல்லை. லா பெரூஸ் எங்கே என்பதும் யாருக்கும் தெரியாது.

யுத்தம் முடிந்து திரும்பினார். வயது 41. வீட்டில் உள்ளூரிலேயே நல்ல இடத்துப் பெண் ஒருத்தியைப் பேசி முடித்திருந்தார்கள். அவரும் சரி என்றுவிட்டார். அதற்குள் பாரிசில் எலியோனோரை மறுபடி சந்தித்தார். அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவ்வளவுதான்! பெண் வீட்டாருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். கல்யாணத்தை முடித்துக்கொண்டார். கடற்படை அதிகாரி மந்திரியின் அனுமதியில்லாமல் மணம் செய்யக் கூடாது. ஆகவே மந்திரிக்கும் ஒரு கடிதம். தம் கதை ஒரு நாவலைப் போன்றது என்று அதில் ஒப்புக்கொண்டார். மந்திரி மன்னித்தார். ஆல்பியிலும் மருமகளை ஏற்றுக்கொண்டார்கள். பேசி முடித்து ஏமாந்த அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டதோ! அதைச் சொல்லும் கடிதம் எதையும் நான் படித்ததில்லை.

குடித்தனம் இரண்டே வருஷம்.

உலகம் சுற்றப் புறப்பட்டார்

பதினாறாம் லூயி அரசருக்குத் தேசப்படங்களில் பைத்தியம். ஆங்கிலேயரின் குக் காப்டன் போல நம்மவர் ஒருவரும் உலகைச் சுற்றி, தெரியாத கரைகளுக்குப் படம் எழுதிவர வேண்டும் என்று விரும்பினார். லா பெரூஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 'பூசோல்', 'அஸ்த்ரொலாப்' என்று இரண்டு கப்பல்கள். 1785 ஆகஸ்டு 1ம் தேதி பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. இரண்டாவது கப்பலின் காப்டன் தெ லாங்கிள், உற்ற நண்பர்.

லா பெரூஸ் ஒரு வழக்கத்தை விடாமல் கடைப்பிடித்தார். எந்தத் துறைமுகத்தில் வாய்ப்புக் கிடைத்தாலும், அதுவரை எழுதிய நாட்குறிப்பின் நகலும் படங்களும் கடிதங்களும் பாரிசுக்குப் போய்விடும். கப்பலோடு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள மாட்டார். நம் குடியானவர் விதை நெல்லை இரண்டு இடத்தில் வைப்பாரே, அதுபோல.

தென்னமெரிக்காவைச் சுற்றினார்கள். சிலி, ஈஸ்டர் தீவு, ஹவாய். 1786 மே மாதம் ஹவாயில் மாவி என்ற தீவில் இறங்கினார். அக்காலக் காப்டன்கள் இறங்கிய இடத்திலெல்லாம் கொடி நட்டு "இது எங்கள் ராஜாவுக்குச் சொந்தம்" என்பார்கள். இவர் செய்யவில்லை. நம்மிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக, பிறர் பாடுபட்டு உழுத நிலம் நமதாகிவிடாது என்று எழுதி வைத்தார்.

ஜூலையில் அலாஸ்கா. லித்துயா என்ற குடாவின் வாயில், ஆழம் பார்க்கப் போன படகுகளை நீரோட்டம் இழுத்துக்கொண்டது. 21 பேர் போய்விட்டார்கள். அவர்களில் இருவர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அழுததை மறைக்காமல் எழுதினார் லா பெரூஸ். அங்கிருந்த சிறு தீவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, மாண்டவர் பெயர்களை எழுதிச் சீசாவில் அடைத்துப் புதைத்தார்கள்.

பிறகு கலிபோர்னியா, மக்காவ், மணிலா. இந்து சமுத்திரத்தில் பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவர் தாந்த்ரகாஸ்தோ. அவர் அனுப்பிய கப்பல் ஒன்று மணிலாவில் இவர்களைச் சந்தித்து, இறந்தவர்களுக்குப் பதிலாகச் சில ஆட்களைக் கொடுத்தது. தாந்த்ரகாஸ்தோ! இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

பனியில் ஓடிய தபால்

1787 செப்டம்பர். ருஷ்யாவின் கிழக்கு மூலையில் கம்சட்கா. பெத்ரோபாவ்லாவ்ஸ்க் என்ற சிறு துறைமுகம். ருஷ்ய அதிகாரி விருந்தாளிகளுக்காக நாட்டியக் கச்சேரி ஏற்பாடு செய்திருந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு செய்தி: தபால் வந்துவிட்டது!

ஆட்டம் நின்றது. பிரான்சை விட்டுக் கிளம்பி இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தபால் பெட்டியைத் திறந்தார்கள். வீட்டுச் செய்திகள் நல்லபடியாக இருந்தன. லா பெரூஸுக்குப் பதவி உயர்வும் வந்திருந்தது. ருஷ்ய அதிகாரி சந்தோஷத்தில் பீரங்கிகளை முழங்கச் சொன்னார்!

அதே தபாலில் ஓர் உத்தரவும் இருந்தது. ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் குடியேறப் போகிறார்களாம். போய்ப் பார்த்து எழுதவும். அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அங்கே லா பெரூஸ் ஒரு முடிவு செய்தார். கப்பலில் பார்தெலமி தெ லெசெப்ஸ் என்று 21 வயது இளைஞர் இருந்தார். ருஷ்ய பாஷை தெரிந்தவர். நாட்குறிப்புகள், படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவரிடம் கொடுத்தார். தரை வழியாகப் பாரிசுக்குக் கொண்டு போ என்றார். கட்டித் தழுவி விடை கொடுத்துவிட்டுக் கப்பல்கள் புறப்பட்டன.

லெசெப்ஸ் கரையில் நின்றார். எதிரே ஆசியாக் கண்டம் முழுவதும் கிடந்தது. நாய்கள் இழுக்கும் பனிச் சறுக்குவண்டியில் போனார். புயலில் பனிக்குள் புதைந்து கிடந்தார். நாய்கள் பட்டினியால் செத்தன. குதிரை, படகு, கோச்சு வண்டி என்று மாறி மாறிப் போனார். பெட்டியை மட்டும் விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பிரயாணம். 1788 அக்டோபர் 17ம் தேதி வெர்சேல்ஸ் அரண்மனை வாசலில் வந்து நின்றார். அரசர் நேரில் அழைத்துப் பேசினார். சூயஸ் கால்வாய் வெட்டிய பெர்டினாண்டு தெ லெசெப்ஸுக்கு இவர் பெரியப்பா முறை. குடும்பமே சாமானியமான குடும்பமல்ல!

கடைசிக் கடிதம்

கப்பல்கள் தெற்கே போயின. 1787 டிசம்பர் 11ம் தேதி சமோவாத் தீவுகளில், தண்ணீர் பிடிக்கப் போன படகுகளைத் தீவுவாசிகள் கல்லெறிந்து தாக்கினார்கள். தெ லாங்கிள் உள்பட 12 பேர் செத்தார்கள். பழிவாங்க வேண்டும் என்று மாலுமிகள் துடித்தார்கள். கப்பலைச் சுற்றி நின்ற ஓடங்களில் இருந்தவர்களைச் சுட்டிருக்கலாம். இதைச் செய்தவர்கள் இவர்கள்தான் என்று எப்படித் தெரியும் என்று லா பெரூஸ் தடுத்துவிட்டார். ஆனால் மனம் கசந்துவிட்டது. பிற்பாடு எழுதியவற்றில் அந்தக் கசப்பு தெரிகிறது.

1788 ஜனவரி 26ம் தேதி ஆஸ்திரேலியாவில் பாட்டனி குடாவை அடைந்தார். அங்கே ஆங்கிலேயக் கப்பல்கள்! கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்ற வந்தவர்கள், இடம் சரியில்லை என்று அன்றுதான் சிட்னிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை பகைவர்கள். ஆனால் அந்தத் தனிமையில் மரியாதையாகப் பழகினார்கள்.

லா பெரூஸ் பேனாவை எடுத்தார். மந்திரிக்கு எழுதினார்: பல தீவுகளைப் பார்த்துக்கொண்டு, 1788 டிசம்பரில் மொரீஷியஸ் வந்துவிடுவேன். நண்பர் ஒருவருக்கும் எழுதினார்: திரும்பி வரும்போது என்னை நூறு வயதுக் கிழவன் என்று நினைப்பீர்கள், பல்லும் இல்லை, முடியும் இல்லை. அப்போது அவருக்கு வயது 46.

கடிதங்களைக் கட்டி ஆங்கிலேயரிடமே கொடுத்தார். ஹெர்னின் கையெழுத்துப் பிரதியை அவர் திருப்பிக் கொடுத்தாரல்லவா? ஆங்கிலேயரும் இந்தக் கட்டைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மார்ச் 10ம் தேதி இரண்டு கப்பல்களும் பாய் விரித்தன. அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

தேடியவர்கள்

டிசம்பர் வந்தது; மொரீஷியஸில் கப்பல் இல்லை. 1789 வந்தது, பிரான்சில் புரட்சி வெடித்தது. அவ்வளவு குழப்பத்திலும் தேசிய சபை லா பெரூஸை மறக்கவில்லை. 1791ல் ஒரு தீர்மானம் போட்டது: அவர் அனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் அரசாங்கச் செலவில் அச்சாக வேண்டும். அவருடைய சம்பளம் மனைவிக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும். தேடுவதற்குக் கப்பல்களும் போயின. தலைவர் யார் தெரியுமா? அதே தாந்த்ரகாஸ்தோ!

தலைமைக் கப்பலின் பெயர் 'ரெஷெர்ஷ்'. தேடுதல் என்று பொருள். 1793 மே மாதம் தூரத்தில் ஒரு தீவு தெரிந்தது. அதற்குத் தம் கப்பலின் பெயரையே வைத்துவிட்டு, இறங்காமல் தாண்டிப் போனார் தாந்த்ரகாஸ்தோ. அது வனிக்கோரோ தீவு. லா பெரூஸின் கப்பல்கள் உடைந்து கிடந்த இடம் அதுதான்! அவருடைய ஆட்கள் யாராவது அப்போதும் அங்கே உயிரோடு இருந்தார்களா? இதைப் படிக்கும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் தாந்த்ரகாஸ்தோவும் ஸ்கர்வி நோயில் இறந்துபோனார்.

அந்த வருஷம் ஜனவரி 21ல்தான் பதினாறாம் லூயியின் தலையை வெட்டினார்கள். லா பெரூஸைப் பற்றி ஏதேனும் செய்தி உண்டா என்று அரசர் கடைசி நேரத்தில் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. இங்கே தர்மபுரியில் மன்றோ, தீர்வைக் கணக்குக்கும் தோட்டத்துக்கும் நடுவே, வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

கடிதங்கள் 1797ல் நான்கு புத்தகங்களாக, தேசப்படங்களோடு வந்தன. கணவர் எழுதியதை எலியோனோர் அச்சில் பார்த்தார். கணவர் எங்கே என்று தெரியவில்லை. 1807ல் பாரிசில் காலமானார்.

வாளின் கைப்பிடி

1826. பீட்டர் டில்லன் என்ற வியாபாரக் காப்டன் பசிபிக் கடலில் திக்கோப்பியா தீவில் நின்றார். அங்கே ஒருவரிடம் பழைய வாளின் கைப்பிடி ஒன்று இருந்தது. ஐரோப்பிய வேலைப்பாடு. எங்கே கிடைத்தது? பக்கத்துத் தீவில், முன்னொரு காலத்தில் இரண்டு பெரிய கப்பல்கள் உடைந்தன என்றார்கள்.

டில்லன் நேரே கல்கத்தாவுக்கு வந்தார். கம்பெனி சர்க்கார் அவருக்கு ஒரு கப்பல் கொடுத்தது. அதன் பெயர் 'ரிசர்ச்'. இதற்கும் தேடுதல் என்றுதான் பொருள்! 1827ல் வனிக்கோரோவை அடைந்தார். மணி, பீரங்கி, பாத்திரம், அரச முத்திரை செதுக்கிய மரத்துண்டு எல்லாம் கிடைத்தன. புயலில் கப்பல்கள் பாறையில் மோதினவாம். தப்பியவர்கள் சிறு படகு ஒன்று கட்டிக்கொண்டு கடலில் போனார்களாம். தீவுக் கிழவர்கள் சொன்னது இவ்வளவே. அந்தப் படகு எந்தக் கரையையும் சேரவில்லை. கடலடியில் இரண்டாவது கப்பல் கிடந்த இடம் 1960களில்தான் அகப்பட்டது. அது 'பூசோல்' என்று 2005ல் ஒரு கருவியைக் கொண்டு உறுதி செய்தார்கள்.

டில்லன் தீவைத் தேடிப் போன அந்த 1827 ஜூலை 6ல், சென்னைக் கவர்னர் மன்றோ சுற்றுப்பயணத்தில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். தர்மபுரியிலிருந்து அவர் எழுதிய கடிதங்களைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1830ல் அவையும் புத்தகமாயின.

டில்லன் கண்டெடுத்த பொருள்களை 1828ல் பாரிசுக்குக் கொண்டுபோனார். இவை லா பெரூஸின் கப்பலில் இருந்தவைதானா? யார் சொல்ல முடியும்? அந்தக் கப்பல்களில் பிரயாணம் செய்தவர்களில் ஒரே ஒருவர்தான் அங்கே இருந்தார். தபால் பெட்டியோடு கரையில் இறங்கினாரே, அந்த லெசெப்ஸ்! அன்று 21 வயது, இப்போது 62. பொருள்களை ஒவ்வொன்றாக அவர் முன்னே வைத்தார்கள். துருவேறிய இரும்பு, உடைந்த பாத்திரம், பீரங்கி. கிழவர் கையில் எடுத்துப் பார்த்தார்.

எங்கள் கப்பலில் இருந்தவைதான் என்றார்.